பெண்கள் பக்கத்து சிடி

கம்ப்யூட்டர் என்னைப் பல மாதங்களாக நச்சரித்துக்கொண்டிருந்தது. திறந்தால் ஒரு நீலக் கட்டம், மூடப்போனால் இன்னொரு நீலக் கட்டம். பழைய பதிப்புக்கு இனிப் பாதுகாப்பு கிடையாது, உடனே புதுசுக்கு மாறு என்று ஒரே பிடிவாதம். நான் ஒரு நர்சரிப் பள்ளியில் தமிழ் டீச்சர். என் கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் மூன்றாம் வகுப்புக்கும் நாலாம் வகுப்புக்கும் அடித்து வைத்த கேள்வித்தாள்கள்தான். அதைத் திருடி எவன் பிழைக்கப்போகிறான் என்று 'பிறகு' என்பதையே அமுக்கிக்கொண்டு வந்தேன். கடைசியில் அது பாதி வேலையில் உறைந்து நிற்க ஆரம்பித்ததும் அறந்தாங்கியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் பெட்டியைத் திறந்து, புது ஹார்டு டிஸ்க் ஒன்றை உள்ளே வைத்து, புதுப் பதிப்பை ஏற்றினார். "இனிமே பாருங்கக்கா, பட்டனத் தட்டுறதுக்குள்ள வந்து நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வந்து நின்றது என்னவோ உண்மை. என் கேள்வித்தாள்கள்தான் நிற்கவில்லை. நான் பழக்கப்பட்ட தமிழ் எழுத்துரு புதுப் பதிப்பில் இல்லாததால், 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்பதெல்லாம் கோணல்மாணலான ஆங்கில எழுத்துகளாகக் கிடந்தது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததை ஓடாமல் செய்வதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. முன்னேறி முன்னேறி அலுத்துவிட்டது.

எழுத்துருவோடு மல்லுக்கட்டி ஓய்ந்திருந்த ஒரு வியாழக்கிழமை மதியம், லுஹர் தொழுதுவிட்டு வந்த என் வீட்டுக்காரர், சாப்பிடக்கூட உட்காராமல் பீரோ முன்னால் போய் நின்றார்.

"புள்ள கல்யாண சிடி எங்க இருக்கு?"

"ஆம்பளைங்க சிடியா? அதான் பென் டிரைவ்ல இருக்கே. எத்தனை தடவை பாத்திருக்கீங்க."

"அது இல்ல. பொம்பளைங்க பக்கத்து சிடி."

நான் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தேன். அந்த சிடியை எந்த ஆண்பிள்ளையும் இதுவரை கேட்டதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் கடற்கரை ஊர்க் கல்யாணங்களில் ஆண்களுக்குக் கீழே மண்டபம், பெண்களுக்கு மாடி. வீடியோவும் அப்படியே இரண்டு. கீழே ஒரு ஆண் எடுப்பார். மாடியில் எடுக்கப் பெண்தான் வரவேண்டும். என் மகள் கல்யாணத்துக்குப் பொன்னமராவதியிலிருந்து ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தோம். மாடியில் பெண்கள் தலையில் துணி இல்லாமல் பூ வைத்துக்கொண்டு, கை தட்டிப் பாட்டுப் பாடி, ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொண்டு இருப்பார்கள். அது அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. அதனால் எடுப்பதற்கு முன்பே, சிடி இந்த வீட்டை விட்டு வெளியே போகாது என்று தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். எடுத்த பெண்ணும் ஒரே ஒரு சிடி போட்டுக் கொடுத்துவிட்டு, தன் கம்ப்யூட்டரில் இருந்ததை எங்கள் முன்னாலேயே அழித்தாள். உண்மையில் அது டிவிடி. எங்கள் வீட்டில் வட்டமாக, பளபளப்பாக இருப்பதெல்லாம் சிடிதான்.

கல்யாணத்தின்போது என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. வாழ்க்கையில் பாதியை வளைகுடாவில் ஒரு கிடங்கில் கழித்தவர் அவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து போவார். மாப்பிள்ளையைக்கூட அங்கிருந்தபடியே போனில் பேசி முடித்தார். நிக்காஹ் அன்று தன் அண்ணனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுத் தான் போனில் காத்திருந்தார். அந்த நாட்டில் வீடியோ கால் எடுக்காது, குரல் மட்டும்தான். பெண்ணிடம் சம்மதம் கேட்கும் நேரம் வந்தபோது, "அவ வாயால சொல்லட்டும், நான் காதால கேக்கணும்" என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். பெரியவர்கள் மாடியில் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று கேட்க, அவருடைய அக்கா போனை மகள் வாயருகில் பிடிக்க, "சம்மதம்" என்று அவள் சொன்னது அங்கே அவருக்குத் தெளிவாகக் கேட்டது. எங்கள் வீட்டில் இது எல்லாருக்கும் மனப்பாடம். நான்தான் அப்போது மாடியில் இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்கு சர்பத் போதவில்லை என்று கீழே சமையல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தக் கல்யாணத்தைப் பற்றி நான் எப்போது குறை சொன்னாலும் அவருக்கு ஒரே பதில்தான். "அவ சொன்னத நான் காதால கேட்டேன்ல."

மகள் திரும்பி வந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. ஆலங்குடியில் கொடுத்திருந்தோம். அடி கிடையாது, உதை கிடையாது, நாலு பேர் முன்னால் எடுத்துச் சொல்ல ஒரு காரணமும் கிடையாது. மாப்பிள்ளை அவளோடு பேசமாட்டார், அவ்வளவுதான். சாப்பாடு வைத்தால் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். மாதக்கணக்கில் ஒரு வார்த்தை இருக்காது. அந்த வீட்டில் சில வருஷம் இருந்துவிட்டு ஒரு பையோடு வந்தவள், ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, "சும்மாதாம்மா" என்றாள். இப்போது மாப்பிள்ளை வீட்டார் ஜமாத் மூலமாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு வருகிறோம். பெண்ணை அனுப்புகிறீர்களா இல்லையா, ஒரு வார்த்தை வேண்டும்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மகளிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவள், "ஒங்க இஷ்டம் அத்தா" என்றிருக்கிறாள். நான் கேட்டபோதும் அதே கதைதான். "அத்தா சொல்றபடி."

"இப்ப எதுக்கு அந்த சிடி?" என்று நான் கேட்டதற்கு, அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னைக்கிச் சம்மதம்னு சொன்னப்ப அவ மொகம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு தடவ பாக்கணும். சத்தத்தத்தான் கேட்டேன், மொகத்தப் பாக்கலல்ல. அதப் பாத்துட்டா, இப்ப இஷ்டம் இஷ்டம்கிறாளே, அது எந்த மாதிரின்னு எனக்கு வெளங்கிடும்."

"நேரா உக்கார வச்சுக் கேட்டா ஆகாதா?"

"கேட்டேன்ல. என் இஷ்டமாம்."

எனக்குக் கோபமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. போனிலேயே வளர்த்த பிள்ளை. இருமினால் சளியா, அழுகையா என்று குரலை வைத்துச் சொல்லிவிடுவார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்கத் தெரியாது. வீட்டோடு வந்து சேர்ந்த பிறகும், மகள் பேசும்போது கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்கிறார்.

சிடி என் பழைய துப்பட்டாவுக்குள் சுருட்டி பீரோவின் அடித்தட்டில் இருந்தது. மகளிடம், கேள்வித்தாள் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் இருந்த அறைக்குப் போனோம். அவள் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். புதுக்கோட்டைக்குத் தினமும் பஸ்ஸில் போய்க் கம்ப்யூட்டர் படித்துப் பட்டம் வாங்கியவள் அவள். இந்தக் கம்ப்யூட்டரே அவளுக்காக வாங்கியதுதான். அதில் ஒன்று ஓடவில்லை என்றால் அவளைத்தான் கூப்பிடவேண்டும். அன்றைக்கு மட்டும் அவளைக் கூப்பிட முடியாது.

முதலில் சிடி போடும் தட்டே வெளியில் வரவில்லை. எங்கள் ஊர் உப்புக்காற்றுக்குப் பூட்டு, கீல், தையல் ஊசி எதுவும் தப்பாது. இது மட்டும் தப்புமா. அந்தத் தட்டுக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை உண்டு, குண்டூசியை விட்டு அழுத்தினால் திறக்கும் என்பது நினைவுக்கு வந்தது. என் முந்தானையில் இருந்த ஊக்கை நிமிர்த்திக் குத்தியதில், தட்டு முனகிக்கொண்டே வெளியே வந்தது. சிடியை வைத்து உள்ளே தள்ளினேன். சுற்றும் சத்தம் கேட்டது. திரையில் ஒன்றும் நடக்கவில்லை. சிடி போடும் டிரைவ் என்று ஒன்று இருப்பதாகவே கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை.

சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் போட்டேன். ஆபீஸில் இருந்தான்.

"கடையில குடும்மா. பத்து நிமிஷத்துல பென் டிரைவ்ல ஏத்திக் குடுத்துருவாங்க."

"பொம்பளைங்க சிடிடா. கடையில எவன் ஒக்காந்திருப்பான்னு ஒனக்குத் தெரியுமா?"

"இத்தனை வருஷம் கழிச்சு யாரும்மா பாக்கப்போறா."

"வாக்குக் குடுத்தது நான். நீ வழியச் சொல்லு."

அவன் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. என் பெருமூச்சு அவனுக்கும் கேட்டிருக்கும். கம்ப்யூட்டரை நிறுத்தி, ஒயரைப் பிடுங்கி, பெட்டியின் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றச் சொன்னான். நாலு திருகில் ஒன்று துருவேறிச் சுற்றிக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் அடுப்படிக்குப் போய் மகளுக்குத் தெரியாமல் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் எடுத்துவந்தார். திருடுகிறவர் போலப் பூனைநடை போட்டுத் திரும்பி வந்ததைப் பார்த்து எனக்கு அந்த எரிச்சலிலும் சிரிப்பு வந்தது.

போனை வீடியோவுக்கு மாற்றிப் பெட்டிக்குள் காட்டியதும் மகன் கண்டுபிடித்துவிட்டான். அந்த மெக்கானிக், புது ஹார்டு டிஸ்க்குக்கு மாட்ட ஒயர் போதாமல், சிடி டிரைவில் கரண்ட் ஒயரை மட்டும் விட்டுவிட்டு, இன்னொரு ஒயரைப் பிடுங்கி அதில் சொருகிவிட்டுப் போயிருந்தார். இந்தக் காலத்தில் யார் சிடி போட்டுப் பார்க்கிறார்கள் என்று நினைத்திருப்பார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, நான் கேட்கவுமில்லை. பழைய ஹார்டு டிஸ்க்கின் ஒயரைக் கழற்றிச் சிடி டிரைவில் மாட்டச் சொன்னான் மகன். அந்தப் பழைய டிஸ்க்கில்தான் என் கேள்வித்தாள்கள் அத்தனையும் இருந்தன. இருக்கட்டும் என்று பிடுங்கி மாட்டினேன். விரலெல்லாம் ஒட்டடை.

மறுபடி திறந்தபோது டிரைவ் வந்தது, சிடியின் பெயரும் வந்தது. என் வீட்டுக்காரர் மெல்ல, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவசரப்பட்டுவிட்டார். தட்டினால் ஒரு கறுப்புக் கட்டம் விரிந்து, இதை ஓட்டத் தேவையானது உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை என்றது. பழைய பதிப்பில் கேட்காமலே ஓடிய அதே சிடிதான். புதுப் பதிப்பில் அந்த வசதியை எடுத்துவிட்டார்களாம். வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்டி வாங்கிக்கொள்ளலாமாம். வீட்டை வெள்ளையடித்துத் தருகிறேன் என்று வந்தவன் கதவைக் கழற்றிக்கொண்டு போனது மாதிரி இருந்தது எனக்கு.

"காசெல்லாம் கட்டாதம்மா" என்றான் மகன். "சும்மா கெடைக்கிற பிளேயர் ஒண்ணு இருக்கு, லிங்க் அனுப்புறேன். அத ஏத்திட்டுப் போடு. எனக்கு மீட்டிங் இருக்கு, வச்சிர்றேன்."

அவன் அனுப்பியதை இறக்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. அது வந்து, மறுபடி முதலிலிருந்து இறக்கி, ஏற்றி, கேட்ட இடத்திலெல்லாம் 'சரி, சரி' என்று அமுக்கி முடித்தபோது எனக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. மத்தியானச் சோறு இருவருக்கும் மறந்தே போயிருந்தது.

படம் வந்தது. ரோஜாப்பூ கொட்ட, இரண்டு புறா பறக்க, மகள் பெயரும் மாப்பிள்ளை பெயரும் பொன்னெழுத்தில் சுழன்றன. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க எங்க வர்றீங்க? மத்த வீட்டுப் பொம்பளைங்கல்லாம் இருப்பாங்க."

அவருக்கு அப்போதுதான் அது உறைத்தது. "நீ அந்த எடத்தக் கண்டுபிடி. புள்ள மட்டும் இருக்குற எடம் வந்தா சொல்லு. நான் அங்கிட்டுத் திரும்பி உக்காந்துக்கிறேன்" என்று நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப்போட்டுக்கொண்டார். அவருக்கு முன்னால் ஒரு காலண்டர் தொங்கியது. அதைப் பார்த்தபடி, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளையாட்டம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் தேட ஆரம்பித்தேன். ரோஜாப்பூவைத் தாண்ட முடியவில்லை. 'நிக்காஹ்' என்று எழுதியிருந்த இடத்தில் தட்டினால் கொஞ்ச நேரம் உறைந்து நின்று, பிறகு மறுபடி புறா பறக்கும். எங்கே அமுக்கினாலும் புறாதான். சிடியை எடுத்துக் கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரை நிறுத்தித் திறந்தேன். மகனுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. புறாவைப் பார்த்துப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வீட்டில் எதையும் நேராகச் செய்யவே முடியாதா, ஒரு பெண்ணின் மனசைத் தெரிந்துகொள்ள ஒயர், திருகு, பிளேயர், புறா என்று இத்தனை தாண்டவேண்டுமா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"மெனு வழியாப் போகாதம்மா."

மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"அது கல்யாணமான புதுசுலயே அப்படித்தான் நிக்கும். பிளேயர மூடிட்டு, சிடியத் தொறந்து, உள்ள இருக்குற பைலத் தனித்தனியா இழுத்துப் போடு." கொஞ்சம் நிறுத்தினாள். "மூணாவது பைல்ல பாதிக்கு மேல போனாச் சம்மதம் கேக்குறது வரும்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் காலண்டரைப் பார்த்தார், நான் திரையைப் பார்த்தேன். எத்தனை தடவை பார்த்திருந்தால் எந்த பைலில் எந்த இடம் என்று ஒருத்திக்கு மனப்பாடமாக இருக்கும் என்று யோசித்தேன்.

அவள் சொன்னபடி செய்ததும் புறா இல்லாமல் நேராக மாடி வந்தது. தெருப் பெண்கள், பட்டுப்புடவைகள், ஓடுகிற பிள்ளைகள். இழுத்துக்கொண்டே போனேன். அந்த இடம் வந்தது. துணித்திரைக்கு இந்தப் பக்கம் மகள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் என் நாத்தனார், கையில் போன். எடுத்தவள் காமிராவை நன்றாக முகத்துக்கு அருகில் கொண்டுவந்திருந்தாள். ஆனால் பேச்சு எதுவும் கேட்கவில்லை. பேச்சை முழுக்க நீக்கிவிட்டு ஒரு பாட்டைச் சேர்த்திருந்தாள். மேலிருந்து பூ வேறு கொட்டியது.

இதை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். கல்யாணம் முடிந்த வாரத்தில் தெருப் பெண்களெல்லாம் கூடி உட்கார்ந்து பார்த்தோம். அன்றைக்கு எல்லாரும் அவரவர் புடவையைத்தான் பார்த்தோம். இன்றைக்குத்தான் நான் மகளின் வாயைப் பார்த்தேன்.

நாத்தனார் போனை அவள் வாயருகே பிடிக்கிறாள். மகளின் உதடு மூடியே இருக்கிறது. நாத்தனார் தோளைத் தொட்டு ஏதோ சொல்கிறாள். உதடு அசையவில்லை. கண்ணிலிருந்து ஒரு சொட்டு மடியில் விழுகிறது. திரைக்கு அந்தப் பக்கம் பெரியவர்கள் காத்திருப்பது நிழலாகத் தெரிகிறது. எங்களில் கன்னிப்பெண் வெட்கத்தில் பேசாமல் இருந்தால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தப் பெரியவர்களுக்கு அது போதும். ஆனால் கடலுக்கு அப்பால் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிற மனுஷனுக்கு மௌனம் எப்படிக் கேட்கும்? நாத்தனார் போனைத் தன் பக்கம் இழுத்து, முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி, ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள். பிறகு சிரித்துக்கொண்டு எல்லாரையும் பார்த்துத் தலையாட்டுகிறாள். பெண்கள் சந்தோஷமாகக் கைதட்டுகிறார்கள்.

நான் படத்தை நிறுத்தினேன். எழுந்து அடுத்த தெருவுக்குப் போய் நாத்தனாரை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு கேள்வி கேட்கவேண்டும் போலிருந்தது. அவளும் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டாள். லைன் போய்விடும், தம்பி காத்திருக்கிறான், பெண் வெட்கப்படுகிறாள் என்று நினைத்திருப்பாள். ஒரு வார்த்தைதானே.

"கெடச்சுச்சா?" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இத்தனை வருஷமும் தன் மனசைச் சமாதானம் செய்துகொண்டிருந்தார். சிடியில் கீறல், அந்த இடம் ஓடவில்லை என்று நான் சொன்னால் நம்பிவிடுவார். மதியத்திலிருந்து இந்தக் கம்ப்யூட்டர் செய்த கூத்தைப் பார்த்தவர் எதையும் நம்புவார். பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. இடத்தைக் காட்டிவிட்டுப் போனவள் அவள். பார்க்கட்டும் என்றுதானே காட்டினாள்.

"திரும்புங்க" என்றேன்.

அவர் நாற்காலியோடு திரும்பினார். நான் கொஞ்சம் பின்னால் இழுத்து ஓடவிட்டேன். மகளும் அக்காவும் மட்டும்தான் திரையில் இருந்தார்கள். அவர் பார்க்கக் கூடாதவர் யாரும் இல்லை. அவர் முதல் தடவை அவள் கண்ணைப் பார்த்தார் போலிருக்கிறது, ஒன்றும் புரியவில்லை. "எங்க, எப்பச் சொல்றா?" என்றார். நான் மறுபடி இழுத்துவிட்டேன். இரண்டாம் தடவை அவர் முகம் மாறியது.

"இன்னொரு தடவ போடு."

போட்டேன். கைதட்டல் வருவதற்கு முன்னால் நிறுத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கைலியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"லாத்தா சத்தமா அது" என்றார். அக்காவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "என் புள்ள சத்தம்னுல்ல நெனச்சேன். சத்தத்த வச்சு எல்லாஞ் சொல்லிருவேன்னு ஒங்கிட்டயே பெருமை பேசிக்கிட்டு இருந்திருக்கேன்."

நான் அவர் தோளில் கையை வைத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அவள் வந்தாள். திரையில் தான் இருப்பதைப் பார்த்தாள். பார்க்காதது போல நின்றாள்.

"இங்கிட்டு வாம்மா. உக்காரு."

நான் எழுந்து என் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன். அவர் தன் நாற்காலியை அவளுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கி அவங்க வர்றாங்க. நீ அங்க போகணுமா?"

"ஒங்க இஷ்டம் அத்தா."

"என் இஷ்டத்தக் கேக்கலம்மா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திரையில் உறைந்து நின்ற அதே குனிதல். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமலே கையை உயர்த்தித் தடுத்தார்.

"இந்தத் தடவ நீ பேசாம இருந்தா நான் சம்மதம்னு எடுத்துக்க மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் ஒக்காந்திருக்கேன்."

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பாங்கு கேட்ட மாத்திரத்தில் எழுந்து போகிற மனுஷன் அவர், காய்ச்சலிலும் போவார். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. பாங்கு முடிந்து தெருவில் ஆண்கள் பள்ளிவாசலுக்கு நடந்து போகும் சத்தம் கேட்டு, அதுவும் ஓய்ந்தது. கம்ப்யூட்டர் திரை தானாக அணைந்து இருட்டானது. நான் அதைத் தொடவில்லை.

"வேணாம் அத்தா" என்றாள் மகள்.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கே நன்றாகக் கேட்டது. அவருக்குக் கேட்காமல் இருந்திருக்க வழியில்லை.

அவர் துடைத்து வைத்திருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். குனிந்து அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனார்.

"இன்னொரு தடவ சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடாமல், அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.